தொழிலும் விரதமும் – பொன்னேரி வட்டாரம் புகட்டும் பாடம்

போகபூமியாய் இருந்த இந்நிலத்தில் கற்பகத் தருக்கள் மறைந்தொழிந்த காலத்து, உண்பதற்கும் உடுப்பதற்கும் வழியறியாத மக்கள் நாபி மகாராசரை அடைந்து முறையிட்டனர். அவர் தம் திருமகனாராகிய விருஷபதேவரிடம் அவர்களை ஆற்றுப்படுத்தினார். அப்பெருமான் வாள், எழுத்து, உழவு, கலை, வாணிகம், சிற்பம் என்னும் அறுதொழில்களையும் வகுத்துக் கற்பித்தருளினார். ஸ்ரீபுராணம் விரித்துரைக்கும் இவ்வரலாற்றை நம் இல்லங்களில் அறியாதார் இலர். இதனால் பெறப்படுவது யாது? தொழில் என்பது நம் அறத்துக்குப் புறம்பானதன்று. முதல் தீர்த்தங்கரரே அதனை உலகுக்கு அருளினார் என்பதாம். சிற்பம் என்னும் சொல்லுள் இன்று நாம் தொழில்நுட்பம் என வழங்கும் கைத்திறன் அனைத்தும் அடங்கும்.

அவ்வரலாற்றிலேயே அதற்கு முற்பட்ட செய்தி ஒன்றும் உண்டு. அதனை நாம் அத்துணை நினைப்பதில்லை. கற்பகத் தருக்கள் குறையத் தொடங்கியபோது, எஞ்சியவற்றின் பொருட்டு மக்களிடையே பூசல் எழுந்தது. ஐந்தாம் மனுவாகிய சீமங்கரரும் ஆறாம் மனுவாகிய சீமந்தரரும் அத்தருக்களுக்கு எல்லை வகுத்துப் பூசலைத் தணித்தனர். எல்லை வகுத்தவர்கள் முன்னர்த் தோன்றினர். தொழில் கற்பித்த பெருமான் பின்னர்த் தோன்றினார். எல்லையறிந்த மக்களுக்கே தொழில் தரப்பெற்றது. இம்முறைமையை நினைவிற்கொண்டு, நம் காலத்துத் தொழில் வளர்ச்சியைச் சிறிது ஆராய்வோம்.

இந்த ஆராய்ச்சிக்குத் தேவை உண்டு. நம் சமூகத்தார் பெரும்பாலும் வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம், ஆரணி ஆகிய வட்டாரங்களில் உழுதுண்டு வாழ்ந்தவர்கள். கடந்த இரு தலைமுறைகளில் நம் பிள்ளைகள் பலர் பொறியியலும் வேதியியலும் கற்றுச் சென்னையிலும் அதனைச் சூழ்ந்த தொழிற்பேட்டைகளிலும் பணியமர்ந்துள்ளனர். இரும்பாலையிலும் மின்நிலையத்திலும் இரசாயனத் தொழிற்சாலையிலும் செய்யும் பணி சிராவக தர்மத்துக்கு ஒத்ததுதானா என்று அவர்கள் வினவும்போது, வயிற்றுப்பாட்டுக்கு வேறு வழியில்லை என்று சொல்லி நாம் வாயடைத்துவிடுகின்றோம். அது விடையாகாது. நம் நூல்களில் இதற்கு நேரான விடை இருக்கின்றது.

சென்னையிலிருந்து வடக்கு நோக்கிச் செல்பவர் புழலில் ஆதிநாதர் ஆலயத்தை வணங்கி மேற்சென்றால், கும்மிடிப்பூண்டிச் சிப்காட் தொழில் வளாகத்தை அடையலாம். கிழக்கே திரும்பினால் பொன்னேரி, மீஞ்சூர், அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி என ஊர்கள் தொடரும். பெயரிலேயே ஏரியைத் தாங்கிய பொன்னேரியைத் தொட்டு ஆரணியாறு பழவேற்காட்டு ஏரியில் கலக்கின்றது. தெற்கே கொசஸ்தலையாறு எண்ணூர்க் கழிமுகத்தில் கடலை அடைகின்றது. 2014ஆம் ஆண்டு மத்திய அரசின் வரவுசெலவுத் திட்ட உரையில், சென்னை – பெங்களூரு தொழில் வழித்தடத்தில் திட்டமிடப்படும் மூன்று புதிய நகரங்களுள் ஒன்றாகப் பொன்னேரி அறிவிக்கப்பெற்றது. தொழிலும் நீரும் நிலமும் நெருங்கி நிற்கும் இவ்வட்டாரம் நம் ஆராய்ச்சிக்குப் பொருத்தமான களமாகும்.

நால்வகை ஹிம்சை

ஹிம்சை நால்வகைப்படும் என்பது நாம் பாடசாலையில் கற்றதே. கொல்ல வேண்டும் என்னும் எண்ணத்தோடு செய்வது சங்கல்பி ஹிம்சை. சமைத்தல், பெருக்குதல், வீடு கட்டுதல் முதலிய இல்லறச் செயல்களில் நேர்வது ஆரம்பி ஹிம்சை. உழவு, வாணிகம், கைத்தொழில் ஆகியவற்றில் நேர்வது உத்யோகி ஹிம்சை. தன்னையும் தன்னைச் சார்ந்தோரையும் காக்கும்போது நேர்வது விரோதி ஹிம்சை. இவற்றுள் முதலாவதை இல்லறத்தான் முற்றத் துறத்தல் வேண்டும். ஏனைய மூன்றையும் இயன்றவரை குறைத்தல் வேண்டும்.

‘இயன்றவரை’ என்னும் சொல் எளிதில் வழுக்கிவிடும் சொல்லாகும். தனக்கு வருத்தமில்லாத அளவே தனக்கு இயன்றது என்று ஒருவன் கொண்டுவிடலாம். ஆகவேதான் ஆசாரியர்கள் அதற்கு ஓர் அளவுகோலையும் தந்துள்ளனர். அது குணவிரதங்களுள் ஒன்றாகிய அனர்த்த தண்ட விரதம். பயனின்றிச் செய்யும் தீங்கை விலக்குதல் என்பது அதன் பொருள். காஞ்சியோடு தொடர்புடையவராகப் போற்றப்பெறும் சமந்தபத்திரர் இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில் இதனை ஐவகையாகப் பகுத்தார். அந்நூலைத் தழுவிய நம் அருங்கலச்செப்பும் இவ்விரதத்தை எடுத்துரைக்கின்றது. ஐவகையுள் ஒன்று, கருத்தின்மையால் செய்யும் தீங்கு: வீணே நிலத்தை அகழ்தல், நீரைச் சிந்துதல், தீயை மூட்டுதல், காற்றை அலைத்தல், மரஞ்செடிகளை வெட்டுதல் என்பன அதில் அடங்கும்.

இவை ஐந்தும் ஓரறிவுயிர்களின் ஐந்து வகையைக் குறித்தன என்பதை நாம் அறிவோம். இன்றைய சூழலியலார் நிலம் கெடுதல், நீர் கெடுதல், எரிபொருள் வீணாதல், காற்று மாசுறுதல், காடு அழிதல் என்று எண்ணுவனவும் இவ்வைந்தே. தொழிலில் ஈடுபடும் சிராவகன் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா இதுதான்: இத்தொழிலில் நிகழும் தீங்கில், செய்பொருளுக்கு இன்றியமையாதது எவ்வளவு? வீணானது எவ்வளவு? கும்மிடிப்பூண்டியில் இரும்பை உருக்கியும் கம்பியாக இழைத்தும் தரும் ஆலைகள் உள்ளன. உலையின் வெப்பம் இரும்புக்குத் தேவை. உலைவாயினின்று எழுந்து பக்கத்து ஊரின் கூரைமேல் படியும் தூசு இரும்புக்குத் தேவையன்று. அதனை மேற்கவிகையால் உறிஞ்சித் துணிப்பைகளின் வழியே வடிகட்டிப் பிடிக்கும் கருவி உண்டு. கருவி இருந்தும் அதனை இயக்காது விடுவது அனர்த்த தண்டமாகும்.

‘நிலைத்த வளர்ச்சி’ என்னும் கொள்கை

உலக நாடுகள் இவ்வினாவை மிகவும் பிந்தியே கேட்கத் தொடங்கின. 1987ஆம் ஆண்டு, நார்வே நாட்டின் புருன்ட்லான்ட் அம்மையார் தலைமையில் அமைந்த ஐக்கிய நாடுகள் ஆணையம் தன் அறிக்கையை வெளியிட்டது. இன்றுள்ளோர் தம் தேவையை நிறைவேற்றிக்கொள்ளும்போது, பின்வருவோர் தம் தேவையை நிறைவேற்றிக்கொள்ளும் ஆற்றலைக் கெடுத்துவிடலாகாது என்னும் கருத்தை அது முன்வைத்தது. 1992இல் ரியோ நகரில் கூடிய மாநாடு அதனை ஏற்றது. 2015இல் ஐக்கிய நாடுகள் அவை வகுத்த 17 குறிக்கோள்களுள் ஒன்பதாவது தொழிலையும், பன்னிரண்டாவது பொறுப்புள்ள உற்பத்தியையும் நுகர்வையும் பற்றியன. இதற்கிடையில் 1990ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள், எல்.எம். சிங்வி அவர்கள் இயற்றிய ‘இயற்கை பற்றிய ஜைனப் பிரகடனம்’ இலண்டன் பக்கிங்காம் அரண்மனையில் பிலிப் இளவரசரிடம் அளிக்கப்பெற்றது நமக்குப் பெருமை தரும் செய்தி. ஆயினும் பெருமையோடு நின்றுவிட்டால் பயனில்லை. கொள்கை நம்முடையது என்றால் அதனைக் கைக்கொள்ளும் கடனும் நம்முடையதே.

மீஞ்சூர்க் கிணறுகள்: அளவறியாமையின் விளைவு

தொழிற்சாலையின் தீங்கு என்றவுடன் நஞ்சும் புகையும் நம் நினைவுக்கு வருகின்றன. நஞ்சு ஒரு துளியும் கலவாமல், அளவுக்கு மீறி எடுத்ததால் மட்டுமே ஒரு நிலம் கெட்ட வரலாறு மீஞ்சூரில் உள்ளது.

1966 முதல் 1969 வரை ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு ஆரணியாறு, கொசஸ்தலையாறு ஆகியவற்றின் படுகையில் நிலத்தடி நீர் ஆராயப்பெற்றது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் வளமான நீர்த்தளங்கள் கண்டறியப்பெற்று, அங்கே ஆழ்குழாய்க் கிணறுகள் அமைக்கப்பெற்றன. சென்னை நகருக்கும் மணலியில் எழுந்த தொழிற்சாலைகளுக்கும் அவற்றினின்று நீர் சென்றது. உழவர்களும் தத்தம் மின்மோட்டார்களால் அதே நீரை இறைத்தனர்.

கடலோர நிலத்தின் அடியில் நன்னீரும் உவர்நீரும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கின்றன. நன்னீர் எடை குறைந்தது. ஆதலின் உவர்நீரின் மேல் மிதந்து அதனை அழுத்தி நிற்கும். கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் உயரத்துக்கு நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை நன்னீரே இருக்கும் என்பது நீரியலார் கண்ட கணக்கு. மேலே ஒரு மீட்டர் குறைந்தால் கீழே நாற்பது மீட்டர் இழப்போம். நீரை எடுப்பவன் மேற்பரப்பில் ஒரு சிறிய குறைவையே காண்கின்றான்; கண்காணாத ஆழத்தில் கடல் உள்ளே வருகின்றது. மீஞ்சூரில் அதுவே நிகழ்ந்தது. கடல்நீர் நிலத்தினடியே ஆண்டுதோறும் முன்னேறிக் கடற்கரையினின்று பத்துக் கிலோமீட்டருக்கும் அப்பால் சென்றதை ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர். நன்செய்க் கிணறுகள் உவர்க் கிணறுகளாயின. தமிழக அரசு 1987ஆம் ஆண்டு சென்னைப் பெருநகர்ப் பகுதியின் நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்தச் சட்டம் இயற்றியதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இங்கே யாரையும் கொலைகாரன் என்று சுட்ட இயலாது. நகரத்தான் குடித்தான், ஆலை உரம் செய்தது, உழவன் நெல் விளைத்தான். யாவும் தேவையே. எவனும் எல்லை வகுத்துக்கொள்ளவில்லை என்பதே குற்றம். பரிக்ரக பரிமாணம், அதாவது இவ்வளவே எனக்கு வேண்டும் என வரையறுத்துக்கொள்ளும் விரதம், பொன்னுக்கும் நிலத்துக்கும் மட்டுமே உரியது என்று நாம் கருதிவிட்டோம். நீரும் பரிக்ரகமே. ஏரி குளங்களை வற்றச் செய்தலைச் சிராவகாசார நூல்கள் சில விலக்கத்தக்க பதினைந்து கொடுந்தொழில்களுள் ஒன்றாக வைத்ததன் நுட்பம் மீஞ்சூரைக் காணும்போது விளங்குகின்றது. நம் கிராமங்களில் கட்டணமில்லா மின்சாரத்தால் இரவெல்லாம் மோட்டார் ஓடவிடும் நமக்கும் இப்பாடம் பொருந்தும்.

கருவி வந்தது, கணக்குத் தீர்ந்ததா?

கெட்டுப்போன நீருக்கு மாற்றாகத் தொழில்நுட்பம் ஒரு வழியைக் காட்டியது. மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2010ஆம் ஆண்டு ஜூலையில் தொடங்கப்பெற்றது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நன்னீர் தரும் திறனுடையது அது. கடல்நீரை மிகுந்த அழுத்தத்தில் மெல்லிய சவ்வின் வழியே செலுத்தினால் நீர் மட்டும் கடந்து செல்ல, உப்புப் பின்தங்கும். மழை பொய்த்த ஆண்டுகளில் வடசென்னை மக்களின் தாகத்தைத் தணித்த இம்முயற்சியைக் குறைகூறுதல் நன்றியின்மையாகும்.

ஆயினும் கணக்கை முழுமையாகப் பார்த்தல் வேண்டும். இம்முறையில் ஆயிரம் லிட்டர் நன்னீர் பெற ஏறத்தாழ 3 முதல் 4 யூனிட் மின்சாரம் செலவாகும். அதன்படி 10 கோடி லிட்டருக்கு நாளொன்றுக்கு 3 இலட்சம் யூனிட்டுக்குக் குறையாது. அம்மின்சாரம் நிலக்கரியிலிருந்து வருவதாகக் கொண்டால், ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 700 கிராம் என்னும் கணக்கில் 210 டன் நிலக்கரி எரிய வேண்டும். நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலுமோ சாம்பல். ஆகவே நாள்தோறும் 70 டன் சாம்பல் மிஞ்சும். மேலும், கடலினின்று எடுத்த நீரில் பாதிக்கு மேற்பட்டது உப்பு மிகுந்த நீராகக் கடலுக்கே திரும்புகின்றது.

முன்பு மழை வந்து இலவசமாக நிரப்பிய நீரை, இப்பொழுது நிலக்கரி எரித்துப் பெறுகின்றோம் என்பது இதன் பொருள். ஆரணியாற்றில் பாலேஸ்வரம் முதலிய இடங்களில் தடுப்பணை கட்டி நிலத்தடியில் நீரை ஊறச் செய்ததும், 2003இல் தமிழகமெங்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பெற்றதும் இதைக் காட்டிலும் எளிய நுட்பங்களே. அவற்றால் எழும் ஹிம்சையும் சிறிது. எளிய நுட்பம் போதுமான இடத்தில் பெரிய நுட்பத்தை நாடாதிருத்தல் அறிவுடைமையாகும்.

சாம்பல்: வீணானது எங்கே செல்கின்றது?

மேற்கூறிய சாம்பலின் கதை அதே வட்டாரத்திலேயே தொடர்கின்றது. அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் 1994 முதல் இயங்கத் தொடங்கியது. அதன் முதல் நிலை 630 மெகாவாட். இரண்டாம் நிலை 1,200 மெகாவாட். அருகிலுள்ள வல்லூர் நிலையத்தின் 1,500 மெகாவாட் 2012க்கும் 2015க்கும் இடையே சேர்ந்தது. 2024 மார்ச்சில் வடசென்னையின் மூன்றாம் நிலையாக 800 மெகாவாட் தொடங்கப்பெற்றது. நம் இல்லங்களில் எரியும் விளக்கிலும் சுழலும் மின்விசிறியிலும் இவற்றின் பங்கு உண்டு. ஆகவே இது பிறர் செய்யும் தீங்கு என்று நாம் விலகி நிற்க முடியாது.

வடசென்னை நிலையத்தின் சாம்பலை நீரோடு குழைத்து, நெடுங்குழாய்களின் வழியே செப்பாக்கத்துச் சாம்பல் குளத்துக்கு அனுப்பினர். குழாய்கள் பழுதுற்று ஆங்காங்கே வெடிக்க, சாம்பற்குழம்பு கொசஸ்தலையாற்றிலும் அதன் கிளைக்கால்களிலும் படிந்தது. ஆற்றின் ஆழம் குறைந்தது. அலையாத்திச் செடிகளின் அடியில் சேறு மூடியது. காட்டுக்குப்பம் முதலிய ஊர்களின் மீனவர் பல்லாண்டுகள் முறையிட்டனர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022ஆம் ஆண்டு தன் தீர்ப்பில், படிந்த சாம்பலை அகற்றி ஈரநிலத்தைச் சீராக்குமாறு பணித்தது.

மீன்பிடித்தல் நமக்கு உடன்பாடான தொழிலன்று. அவர்களுக்காக நாம் ஏன் வருந்த வேண்டும் என்று நம்முள் சிலர் எண்ணக்கூடும். இவ்வெண்ணம் இரு வகையில் பிழையானது. பிறர் தொழில் நமக்கு உடன்பாடன்று என்பதனால், அவர்தம் ஆற்றைக் கெடுக்கும் உரிமை நமக்கு வந்துவிடாது. மேலும், வலையில் அகப்படும் உயிர்களுக்குக் கணக்குண்டு. சாம்பல் மூடிய சேற்றினுள் மூச்சற்று மாளும் புழு, நத்தை, சிப்பி முதலிய ஈரறிவுயிர்களுக்குக் கணக்கே இல்லை. அஹிம்சையைப் போற்றும் நாமே அவ்வுயிர்களுக்காக முதலில் குரல் கொடுத்திருக்க வேண்டும்.

இத்தீங்கு இன்றியமையாததா என்று நம் அளவுகோலை வைத்துப் பார்ப்போம். நிலக்கரி எரிந்தால் சாம்பல் வருவது இயல்பு. அதனை ஆற்றில் விடுவது இயல்பன்று. உலர்ந்த நிலையிலேயே பிடித்துவைத்த நுண்சாம்பல் நல்ல கட்டடப் பொருளாகும். போசோலானா சிமென்டில் நூற்றுக்கு 35 பங்கு வரை அதனைச் சேர்க்கலாம் என இந்தியத் தரநிர்ணயம் இடந்தருகின்றது. கட்டட வேலை செய்வோர் ஃபிளை ஆஷ் கல் என்று சொல்லும் செங்கல்லும் அதனாலாயதே. அக்கல்லைச் சூளையிலிட்டுச் சுட வேண்டுவதில்லை. அதற்காக வயலின் மேல்மண்ணை வெட்டவும் வேண்டுவதில்லை. நிலம், தீ, காற்று ஆகிய மூவகை ஓரறிவுயிர்க்கும் ஒருங்கே தீங்கு குறைகின்றது. மத்திய அரசு 1999 முதலே சாம்பலைப் பயன்படுத்துமாறு அறிவிக்கைகள் வெளியிட்டுள்ளது. 2021 டிசம்பரில் வெளியான அறிவிக்கை, பயன்படுத்தாது விட்ட சாம்பலுக்கு டன் ஒன்றுக்கு 1,000 ரூபாய் இழப்பீடு விதித்தது. நுட்பம் இருந்தது, சட்டமும் இருந்தது. ஆயினும் குழாய் ஒழுகிற்று. பழுதுபார்க்கும் செலவைக் காட்டிலும் ஆறு மலிவானதாகத் தோன்றியதே காரணம்.

வேலூரும் திருப்பூரும்: கள்ளாமையும் பொய்யாமையும்

கழிவைத் தன் வேலிக்கு வெளியே தள்ளுகிறவன், தான் ஏற்க வேண்டிய செலவைப் பிறர் தலையில் ஏற்றுகின்றான். ஆகவே அது ஹிம்சையோடு களவும் ஆகும். இவ்வுண்மையை நம் நாட்டு நீதிமன்றம் நிலைநாட்டிய வழக்கு தமிழகத்தினதே. வேலூர்ப் பகுதித் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவால் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதுமோ ஓரளவோ பயிருக்கு ஆகாததாயிற்று என்பது அவ்வழக்கில் எடுத்துக்காட்டப்பெற்றது. உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28ஆம் நாள் தீர்ப்பளித்து, நிலைத்த வளர்ச்சி என்னும் கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. தீங்கு வருமுன் காக்க வேண்டும் என்பதும், கெடுத்தவனே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்பதும் அத்தீர்ப்பின் இரு தூண்கள். கள்ளாமை விரதத்தைத் தொழிலுக்கு உரைத்தால் இதுவே ஆகும்.

திருப்பூரில் சாயக்கழிவு நொய்யலாற்றைக் கெடுத்தபோது, சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடுமாறு ஆணையிட்டது. பல்லாயிரவர் வேலையிழந்து வருந்தினர். பின்னர், கழிவுநீரைத் துளியும் வெளிவிடாமல் தூய்மை செய்து, நீரையும் உப்பையும் மீட்டு மீண்டும் பயன்படுத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வழியாக ஆலைகள் திறந்தன. முடியாது என்று சொல்லப்பட்டது முடிந்தது. ஆனால் ஊர் மூடப்பட்ட பின்னர்தான் முடிந்தது என்பதையும் மறத்தலாகாது. முன்னரே செய்திருந்தால் தொழிலாளர் குடும்பங்கள் அத்துன்பத்தைப் பட்டிருக்க வேண்டுவதில்லை.

பொய்யாமைக்கும் இதில் இடமுண்டு. அதிகாரி வரும் நாளில் மட்டும் சுத்திகரிப்புக் கருவியை ஓட்டுவது பொய். கூறாது செய்யும் பொய். 2014இல் மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம், மிகு மாசு தரும் 17 வகைத் தொழில்கள் தம் புகையையும் கழிவுநீரையும் இடைவிடாது அளந்து இணைய வழியே வாரியத்துக்குத் தெரிவிக்கும் கருவிகளை அமைக்குமாறு பணித்தது. அளக்கும் கருவி நல்லது. ஆனால் அதன் அருகே நிற்பவன் மெய்யனாக இருந்தால்தான் அது மெய் சொல்லும்.

தொழில்நுட்பத்தின் ஆற்றலும் எல்லையும்

இதுவரை கண்டவற்றால் இரண்டு முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, நன்கு பயன்படுத்திய தொழில்நுட்பம் ஹிம்சையை உண்மையாகவே குறைக்கும். அதற்கு இவ்வட்டாரத்தின் அருகிலேயே சான்று உண்டு. மணலியிலுள்ள பெரிய ஆலைகள் சில 1990களின் தொடக்கத்திலேயே நகரின் சாக்கடை நீரைத் தூய்மை செய்து தம் தேவைக்குப் பயன்படுத்தின. 2019இல் கொடுங்கையூரில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் திறனுள்ள மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு ஆலை தொடங்கப்பெற்று, வடசென்னைத் தொழிற்சாலைகளுக்கு நீர் வழங்கலாயிற்று. நகரம் கழித்த நீரைத் தொழில் ஏற்றுக்கொண்டால், மண்ணின் நன்னீர் மண்ணுக்கே எஞ்சும். கடலும் கிணற்றுக்குள் வராது.

இரண்டாவது, தொழில்நுட்பம் இழந்ததையெல்லாம் மீட்டுத் தராது. கும்மிடிப்பூண்டி வட்டத்துத் தேர்வாய் கண்டிகையில் ஏறத்தாழ 1,100 ஏக்கர் நிலம் தொழிற்பூங்காவுக்கு எடுக்கப்பெற்றபோது, அது எங்கள் கால்நடைகளின் மேய்ச்சல் நிலம், எங்கள் ஏரிகளுக்கு நீர் வரும் காடு என்று அவ்வூரார் பல ஆண்டுகள் போராடினர். அங்கே இன்று பன்னாட்டு டயர் ஆலை நிற்கின்றது. பலர்க்கு வேலையும் தந்துள்ளது. அதே ஊர்ப்பெயர் தாங்கிய கண்ணன்கோட்டை – தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம் 2020 நவம்பரில் சென்னையின் குடிநீருக்காகத் திறக்கப்பெற்றது. நாட்டுக்குத் தேவையான டயரும் நகருக்குத் தேவையான நீரும் ஓர் ஊரிலிருந்தே செல்கின்றன. அவ்வூரின் பசுக்களுக்கு மேய்ச்சல் நிலத்தைச் செய்து தரும் எந்திரம் எதுவும் இல்லை. ஆகவே எங்கே ஆலை அமைப்பது என்னும் வினாவைப் பொறியாளர் மட்டும் முடிவு செய்தல் தகாது. அவ்விடத்து உயிர்கள் அனைத்தையும் எண்ணிப் பார்த்து முடிவு செய்தல் வேண்டும். உயிர்கள் ஒன்றுக்கொன்று துணையாதலே அவற்றின் இயல்பு என்னும் தத்துவார்த்த சூத்திரத்தின் கருத்து, மேடையில் பேசுவதற்கு மட்டும் உரியதன்று.

தொழில்நுட்பம் கையில் பிடித்த விளக்குப் போன்றது. வழியைக் காட்டும், எந்த ஊருக்குச் செல்வது என்பதைச் சொல்லாது. அதனைச் சொல்வது விரதம்.

நாம் செய்யத்தக்கவை

தொழிற்சாலையில் பணிபுரியும் நம் இளைஞர்கள் தம் பணியை இழிவாக எண்ண வேண்டா. கழிவைக் குறைப்பதும், ஒழுகும் குழாயை உரிய காலத்தில் மாற்றச் சொல்வதும், அளவீட்டைத் திருத்தாமல் எழுதுவதும் அவர்களுக்கு வாய்த்த விரத அனுஷ்டானங்கள். ஆலயத்தில் ஒரு நாழிகை நின்று பெறும் புண்ணியத்துக்கு இவை குறைந்தனவல்ல. பொய்க் கணக்கெழுதப் பணிக்கப்பட்டால் மறுக்கும் துணிவு வேண்டும். அவ்வாறு மறுத்து வேலையிழந்து வரும் பிள்ளையைப் பெற்றோர் கடிந்துரைக்காமல் தாங்கிக்கொள்ள வேண்டும். நம் சங்கங்களும் அத்தகையோருக்கு வேறு பணி தேடித் தர முன்வர வேண்டும். இதுவே ஸ்திதிகரணம், அதாவது நெறியினின்று வழுவாமல் ஒருவரை நிலைநிறுத்துதல்.

தொழில் நடத்தும் அன்பர்கள், மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை பெறுவதோடு கடமை முடிந்தது என்று எண்ணலாகாது. சட்டம் குறைந்த அளவையே விதிக்கும். விரதம் அதற்கு மேலும் கேட்கும். வீடு கட்டுவோர் சாம்பற்கல்லைக் கேட்டு வாங்கலாம். கிணறுள்ளவர்கள் மழைநீரை அதனுள் இறக்கலாம். பெரிய தொழில்கள் வருமுன் நடத்த வேண்டிய பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டங்களுக்கு, 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி 30 நாட்களுக்குக் குறையாமல் முன்னறிவிப்புத் தருதல் வேண்டும். நம் ஊர்ப்பகுதியில் அத்தகைய கூட்டம் நடந்தால், அறிக்கையைப் படித்துச் சென்று, அச்சமும் பகையுமின்றி நம் கருத்தைப் பதிவு செய்தல் சிராவகர் கடமையாகும்.

அறுதொழில்களையும் அருளிய ஆதிபகவன் அவற்றைத் துறந்து தவத்துக்குச் சென்றார் என்பதையும் நாம் அறிவோம். தொழில் வாழ்வுக்கு வாயில், வாழ்வின் முடிவன்று. எல்லையறிந்து தொழில் செய்வோமாயின், பொன்னேரியின் ஏரியும் ஆறும் நம் பேரப்பிள்ளைகளுக்கும் எஞ்சும்.

இல்லத்தில் சுவாத்தியாயத்துக்குரிய வினாக்கள்

1. ஹிம்சை நால்வகையுள் தொழிற்சாலையில் நேர்வது எவ்வகை? அதனைக் குறைக்கும் அளவுகோல் எது?

2. மீஞ்சூரில் நஞ்சு கலவாமலே நிலம் கெட்டது எவ்வாறு? அங்கே தவறப்பட்ட விரதம் யாது?

3. கழிவை ஆற்றில் விடுதல் களவு எனப்படுவது ஏன்?

4. நம் வீட்டில் ஒரு நாளில் செலவாகும் நீரிலும் மின்சாரத்திலும் தேவையானது எவ்வளவு, வீணானது எவ்வளவு என்று குடும்பத்தாரோடு அமர்ந்து கணக்கிடுக.

அறம் வாழ்க! அருகன் நெறி வளர்க!